கேட்காமல் முடுக்கிய நட்டு

டைட்டு அண்ணன் என்று சொன்னால் புதிதாகக் கேட்பவர்கள் முதலில் தப்பாகத்தான் நினைப்பார்கள். பாவம், மனிதர் வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டவரில்லை. லாரி ஓட்டிய காலத்தில் சக்கரத்து நட்டை முடுக்கும்போது ஸ்பானரின் பிடியில் கை நீள இரும்புப் பைப்பு ஒன்றைச் சொருகி, அதன் முனையில் ஏறி நின்று, அதுவும் போதாதென்று ஒரு குதி குதிப்பார். லாரி நிற்கும் இடத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த கூட்டம் வைத்த பெயர்தான் டைட்டு. பெற்றவர்கள் வைத்த பெயர் ஓட்டுநர் உரிமத்தில் இருக்கிறது. அதைக் கூப்பிட ஆள் கிடையாது.

வீட்டிலும் அவர் கை அப்படித்தான். குழாயை மூடினாரென்றால் மறுபடி திறக்க அவரே வந்தாக வேண்டும். சர்க்கரை டப்பா, எண்ணெய் பாட்டில், தண்ணீர்க் கேன், எதை மூடினாலும் அதன் ஆயுசுக்கும் மூடியதாகவே மூடுவார். அவர் மனைவி தையல் வேலை செய்கிறவள். முன்னறையில் ஜன்னலோரமாக அவளுடைய மெஷின். அவசரத்துக்கு ஒரு வாய் காபி போடலாமென்று எழுந்தால் சர்க்கரை டப்பாவைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீடு, எதிர்வீடு என்று போய்த் திறந்து வாங்கி வர வேண்டும். "மூடறதுக்கு இவர் ஒருத்தர், திறக்கறதுக்கு நான் ஊர்வலம் போகணும்" என்பாள். தையல் மெஷின் பக்கம் மட்டும் அவரை அண்டவே விடமாட்டாள். "இதுல ஒரு ஸ்குரூவைத் தொட்டீங்க, கத்திரிக்கோல் பக்கத்துலயேதான் இருக்கு, ஞாபகம் வெச்சுக்குங்க."

இதெல்லாம் பிறவிக் குணமில்லை. கல்யாணமான புதிதில் மரக்கடை ஒன்றுக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் வழியில் டயர் மாற்றினார். நட்டுகளைக் கையால் திருகி வைத்துவிட்டு, ஸ்பானரைப் போடுவதற்குள் தெரிந்தவர் ஒருவர் வந்து டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். பேச்சு சுவாரசியத்தில் திரும்பி வந்தவர் நேரே ஏறி வண்டியை எடுத்துவிட்டார். கொஞ்ச தூரம் போனதும் சக்கரம் ஒன்று தனியாக அவரை முந்திக்கொண்டு ஓடியது. 'எவன் வண்டிச் சக்கரமோ, பாவம்' என்று நினைத்து முடிப்பதற்குள் லாரி ஒரு பக்கமாகச் சாய்ந்து தார் ரோட்டைக் கிழித்துக்கொண்டு நின்றது. ஓடிய சக்கரம் ஒரு முடிதிருத்தும் கடையின் சுவரில் மோதி விழுந்தது. அந்தச் சுவரில் சாய்ந்துதான் கைக்குழந்தைக்காரி ஒருத்தி பஸ்ஸுக்குக் காத்திருந்தாள் என்றும், அப்போதுதான் எழுந்து நிழலுக்குப் போனாள் என்றும் கடைக்காரர் சொன்னார். அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். இந்தப் பூனைக்கோ அடுப்பங்கரையிலேதான் பிழைப்பு. மறுநாளும் அவர் லாரியில் ஏற வேண்டியிருந்தது. ஏறினார், பைப்போடு ஏறினார். ஊர் சிரித்தது. பயந்தவனைப் பார்த்துச் சிரிப்பது எப்போதும் சுலபம். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை அவர் வண்டியில் ஒரு நட்டு தளர்ந்ததென்று யாரும் சொன்னதில்லை. கழற்ற முடியவில்லை என்று திட்டிய மெக்கானிக்குகள் உண்டு. அதை அவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

முழங்கால் தேய்ந்து லாரியை விட்டு இறங்கிய பிறகு, வீட்டில் இன்னொரு ஓட்டுநர் உருவானார். அவருடைய ஒரே மகள். செல்போன் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், "நின்னுக்கிட்டே வேலை பார்த்தது போதும், இனிமே உட்கார்ந்து பார்க்கிறேன்" என்று டாக்ஸி ஓட்டப் போவதாகச் சொன்னாள். அப்பாவுக்கு உச்சி குளிர்ந்துபோனது. தானே கற்றுக்கொடுக்கிறேன் என்று ஒரு காரை இரவல் வாங்கி வந்து பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். அங்கேதான் வந்தது வினை. "பிரேக்கு, பிரேக்கு", "கியரைக் குறை", "கண்ணாடியைப் பாரு பாப்பா, கண்ணாடியைப் பாரு!" அவருடைய வலது கால் அங்கே இல்லாத பிரேக்கைத் தேடித் தரை விரிப்பை மிதித்தபடியே இருந்தது. ஒரு நாற்சந்தியில் பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்க, இவர் சட்டென்று கையை நீட்டி ஸ்டீயரிங்கைப் பிடித்துவிட்டார். மகள் இன்ஜினை அணைத்தாள். கதவைத் திறந்தாள். நடந்தே போய்விட்டாள்.

நேராக வீட்டுக்குப் போகவில்லை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு அறைகள் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த தோழி ஒருத்தி வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு மழைக்காலம் முழுக்க அங்கேயே இருந்தாள். அப்போது இந்த வீடு இருந்த இருப்பு இருக்கிறதே, தையல் மெஷின் சத்தம்கூட இழவு வீட்டில் கேட்கிற மாதிரிதான் கேட்டது. இரண்டு பேருக்கும் வீம்பு. புலிக்குப் பிறந்தது பூனையாகுமா? கடைசியில் அம்மா போய்க் கூட்டிக்கொண்டு வந்தாள்.

அதற்குள் மகள் ஒரு பயிற்சிப் பள்ளியில் முறையாகக் கற்று, சொந்தமாக ஒரு வெள்ளைக் காரும் வாங்கிவிட்டிருந்தாள். அதை வாசலில் கொண்டுவந்து நிறுத்திய அன்றே அப்பாவைக் கூப்பிட்டாள்.

"அப்பா, ஒண்ணு சொல்லிடறேன். இது என் வண்டி. நல்லதோ கெட்டதோ நான் பார்த்துக்கறேன். இதுல நீங்க கை வெச்சீங்க, அன்னைக்கே பெட்டியை எடுத்துக்கிட்டு நான் கிளம்பிடுவேன். அப்புறம் அம்மா வந்து கூப்பிட்டாலும் வரமாட்டேன்."

"நான் எதுக்கும்மா கை வெக்கப் போறேன்?" என்றார் டைட்டு அண்ணன். சொல்லும்போதே அவர் கண் முன்சக்கரத்தின் நட்டுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

கொஞ்ச நாள் பொறுத்தார். மகள் கிளம்பிப் போன பிறகு அவருக்குப் பேப்பரில் ஓர் எழுத்து ஓடாது. தெருவில் எங்கேயாவது ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் எழுந்து வாசலுக்கு வருவார். "உட்காருங்க, உங்களைப் பார்த்தா எனக்குத் தையல் கோணுது" என்பாள் மனைவி. ஒருநாள் விடியும் நேரத்தில் எழுந்தார். பழைய ஸ்பானரை எடுத்தார். கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்த பைப்பையும் எடுத்தார். சத்தம் வராமலிருக்க, மனைவியின் வெட்டுத் துணிப் பையிலிருந்து ஒரு பூப்போட்ட துணியை எடுத்து அதில் சுற்றினார். ஒரு கையால் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு ஸ்பானர்மேல் ஏறி நின்றார். கிர்ர்ர் என்று நட்டு முனகியது. நாலு சக்கரத்தையும் முடித்துவிட்டு வந்து படுத்தபோது மனசு லேசாகிவிட்டது.

அன்று பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரைக்கும் படித்தார். மறுநாளும் விடியற்காலை எழுந்தார். அதுவே வழக்கமாகிவிட்டது. மகளுக்குக் கொடுத்த வாக்கு? அதற்கும் அவரிடம் ஒரு சமாதானம் இருந்தது: கை வைக்கக்கூடாது என்றுதானே சொன்னாள், நான் காலால் அல்லவா மிதிக்கிறேன்? வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டிய மனிதர், லாரி ஓட்டி வீணாகப் போய்விட்டார்.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுவிட்டதாக அதற்கு நினைப்பு. இப்படி வெயில் காலம் போய் மழைக்காலம் வந்தது.

அன்று மகளுக்கு ரயில் நிலையச் சவாரி. வழக்கத்தைவிடச் சீக்கிரம் கிளம்பினாள். அவர் அதற்கும் முன்னால் எழுந்து வேலையை முடித்துவிட்டிருந்தார். குளித்து, காபி குடித்து, பேப்பரைப் பிரித்தபோது போன் அடித்தது.

"அப்பா, வழியில டயர் பஞ்சர். ஸ்டெப்னி மாட்டலாம்னு பார்த்தா ஒரு நட்டுகூட அசைய மாட்டேங்குது. பக்கத்துல பஞ்சர் கடைக்காரர் ஒருத்தர் வந்து பார்த்தார், அவராலயும் முடியல. சவாரியை வேற வண்டியில ஏத்தி அனுப்பிட்டேன். நீங்க கொஞ்சம் வர்றீங்களா? பழைய பைப்பு இருக்குமே, அதையும் எடுத்துக்கிட்டு வாங்க."

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவும் முடியாது, கத்தாமலிருக்கவும் முடியாது. "வ... வர்றேம்மா" என்றார். பைப்பைத் தேடுகிறவர் மாதிரி இரண்டு தடவை வீட்டைச் சுற்றி வந்தார்.

மனைவி மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள். "கதவுக்குப் பின்னாலதான் இருக்கு. மேல சுத்தின துணியை அவுத்துட்டு எடுத்துக்கிட்டுப் போங்க."

அவருக்கு அப்போதிருந்த பதற்றத்தில் அவள் சொன்னது முழுசாகக் காதில் ஏறவில்லை. துணியை மட்டும் அவிழ்த்துப் போட்டுவிட்டு, மொபெட்டில் சாமான் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

பாலத்துக்கு அந்தப் பக்கம், ஒரு தொழிற்சாலைச் சுவரோரமாக வெள்ளைக் கார் நின்றிருந்தது. முன்பக்க இடது டயர் காற்றுப் போயிருந்தது. மகள் சுவரில் சாய்ந்து நின்றாள். பஞ்சர் கடைக்காரர் சக்கரத்தின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நட்டுகளோடு சண்டை போட்டுத் தோற்ற கோபத்தில் இருந்தார்.

"வாங்க பெரியவரே. நீங்களே பாருங்க இந்த அநியாயத்தை. எந்த மடையன்யா இப்படி முடுக்கினது? நட்டைப் போட்டவன் ஜென்மத்துக்கும் கழட்டக்கூடாதுன்னு சத்தியம் பண்ணிட்டுப் போட்டிருக்கான். அவன் மட்டும் என் கையில கிடைச்சான்..."

"ஆமாமா" என்றார் டைட்டு அண்ணன். "சில பேருக்கு அளவே தெரியறதில்ல."

"அளவா? அறிவே இல்லைங்கறேன்!"

"அறிவும் இல்லதான்."

மகள் இருவரையும் பார்த்தாள். "டயர் கடையில மெஷின் வெச்சு முடுக்கியிருப்பாங்கண்ணா. விடுங்க" என்றாள். டைட்டு அண்ணனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் நிம்மதியாகவும் இருக்கவில்லை. மகள் வெள்ளந்தியாக வேறு யார் தலையிலோ பழியைப் போடுகிறாளே என்று உள்ளுக்குள் குறுகுறுத்தது.

வேலையில் இறங்கிவிட்டால் அவர் வேறு மனிதர். முதலில் கார் ஹேண்ட்பிரேக்கில் நிற்கிறதா என்று பார்த்தார். பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை அணை கொடுத்தார். பஞ்சர் கடைக்காரர் ஜாக்கியை ஏற்கெனவே போட்டுத் தூக்கி வைத்திருந்தார். அதை இறக்கச் சொன்னார். சக்கரம் தரையில் ஊன்றியிருந்தால்தான் சுற்றாமல் நிற்கும், நட்டு மட்டும் திரும்பும். "கேஸ் வெச்சுக் கொஞ்சம் சூடு காட்டலாமா?" என்று கேட்டார் கடைக்காரர். "டயர் பக்கத்துல நெருப்பா? வேண்டாங்க. இரும்பும் கெட்டுப்போகும், நாமும் கெட்டுப்போவோம்" என்றார் அண்ணன்.

துரு இளக்கும் எண்ணெயை ஒவ்வொரு நட்டின் அடியிலும் விட்டார். சிறிய சுத்தியலால் நட்டின் ஒவ்வொரு பக்கமும் மெல்லத் தட்டினார், தூங்குகிற பிள்ளையை எழுப்புகிற மாதிரி. பிறகு உட்கார்ந்துகொண்டார்.

"என்ன, உட்கார்ந்துட்டீங்க?"

"எண்ணெய் உள்ள இறங்கணுமே. அது போற வேகத்துலதான் போகும்."

கொஞ்ச நேரம் மூன்று பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். பிறகு பையிலிருந்து ஆறு மூலை பாக்ஸ் ஸ்பானரை எடுத்தார். பன்னிரண்டு மூலை உள்ளதைப் போட்டுத்தான் கடைக்காரர் நட்டின் முனைகளை வழவழப்பாக்கிக்கொண்டிருந்தார். இதன் பிடியில் பைப்பைச் சொருகினார். எல்லோரும் எதிர்பார்த்த பக்கம் அழுத்தாமல், முதலில் இறுக்குகிற பக்கமாக மயிரிழை நகர்த்தினார். இறுகிக் கிடந்த பிடி 'டக்' என்று விட்டது. அதற்கப்புறம் மறுபக்கம். குதிக்கவில்லை, காலை வைத்து உடம்பு எடையை மெதுவாக இறக்கினார். நட்டு கீச்சிட்டதும் நிறுத்தி, கொஞ்சம் திருப்பி விட்டு, எண்ணெய் போட்டு, மறுபடி. முதல் நட்டு வந்தது. இரண்டாவதும் வந்தது. "அப்பாடா, கை ராசியான கைதான்" என்றார் கடைக்காரர். டைட்டு அண்ணன் அதற்குத் தலை நிமிரவில்லை.

மூன்றாவது நட்டு கீச்சிடவே இல்லை. காலுக்கடியில் வெண்ணெய் மாதிரி வழிந்து திரும்பியது. இத்தனை வருஷம் நட்டு திருப்பிய காலுக்கு அது சரியில்லை என்று உடனே தெரிந்துவிட்டது. ஸ்பானரை எடுத்தார். நட்டோடு சேர்ந்து, அது பூட்டியிருந்த போல்ட்டின் பாதியும் முறிந்து கையோடு வந்தது.

அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். போல்ட்டு நடுவில் இடுப்பு ஒடுங்கியிருந்தது. அளவுக்கு மேல் இழுபட்டு இழுபட்டு இரும்பு இளைத்திருக்கிறது. முறிந்த இடத்தில் ஒரு பாதி வெள்ளி மாதிரிப் பளபளத்தது. அது இப்போது முறிந்தது. இன்னொரு பாதி கறுத்துத் துருவேறி இருந்தது. அது பல நாட்களுக்கு முன்பே விரிசல் விட்டிருந்த பாதி. அரை உயிரோடுதான் இந்த போல்ட்டு இத்தனை நாளும் அவர் மகளைச் சுமந்துகொண்டு ஊரெல்லாம் ஓடியிருக்கிறது.

"அட, ஒண்ணு போனா என்ன? இன்னும் நாலு இருக்கே" என்றார் கடைக்காரர். "ஸ்டெப்னியை மாட்டிட்டு ஓட்டும்மா. சாயங்காலமா வொர்க்‌ஷாப்புல காட்டிக்கலாம்."

"சரிப்பா, மாட்டிடலாம். அடுத்த சவாரிக்கு நேரமாச்சு" என்றாள் மகள்.

டைட்டு அண்ணன் முறிந்த போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இந்த ஒரு சக்கரம் மட்டுமா? நாலு சக்கரத்திலும் அதே பைப்பு, அதே கால், அதே விடியற்காலை. எந்தச் சக்கரம் கழன்று ஓடக்கூடாது என்று மிதித்தாரோ, அந்தச் சக்கரத்தைக் கழற்றி ஓடவிடும் வேலையைத்தான் தினமும் சிரத்தையாகச் செய்திருக்கிறார். வாயைத் திறந்தால் மகள் பெட்டியைத் தூக்குவாள். அவள் சொன்னால் செய்கிறவள். வாயை மூடிக்கொண்டால் அவள் இந்தக் காரை எடுத்துக்கொண்டு பாலத்தில் ஏறுவாள். வீட்டில் இல்லாமல் போகட்டும், எங்கேயாவது உயிரோடு இருக்கட்டும். அவருக்கு அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை.

"தம்பி, மூணு டீ வாங்கிட்டு வர முடியுமா?" என்று கடைக்காரரை அனுப்பினார். அவர் தலை மறைந்ததும் மகளிடம் திரும்பினார்.

"பாப்பா, வண்டியை எடுக்காத. வொர்க்‌ஷாப்புக்குக் கட்டி இழுத்துக்கிட்டுத்தான் போகணும். நாலு சக்கரத்துலயும் போல்ட்டு போயிருக்கும்."

"உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

"எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? நான்தானே முடுக்கினேன்." செருமினார். "டயர் கடைக்காரன் மேல பழி போடாத. தினமும் விடியறதுக்குள்ள எந்திரிச்சு, பைப்பு போட்டு, நான்தான் ஏறி மிதிச்சேன். உனக்குத் தெரியாம. கை வெச்சா போயிடுவேன்னு நீ சொல்லியிருக்க. போறதுன்னா போ. ஆனா இந்த வண்டியில போகாத."

மகள் தரையில் படுக்கவைத்திருந்த ஸ்டெப்னியின் மேல் மெல்ல உட்கார்ந்தாள்.

"தெரியும்பா."

"என்ன தெரியும்?"

"முதல் நாளே தெரியும். என் ஜன்னல் வாசல் பக்கம்தானே இருக்கு? கிர்ர்னு சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். பைப்புக்குப் பூப்போட்ட துணியைச் சுத்தி, ஒரு கையால கேட்டைப் பிடிச்சுக்கிட்டு ஸ்பானர்மேல நிக்கறீங்க, சர்க்கஸ்காரர் மாதிரி. முதல்ல சிரிப்பு வந்துச்சு. அப்புறம் அழுகை வந்துச்சு."

டைட்டு அண்ணன் நிமிர்ந்தார். "தெரிஞ்சுமா ஒண்ணும் சொல்லாம இருந்த?"

"சொன்னா நான் வீட்டை விட்டுப் போகணுமே. வார்த்தையை விட்டது நான்தானே? எனக்குப் போக இஷ்டமில்லை."

அவர் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும்போலிருந்தது. காரின் கூரையில் கை வைத்துக்கொண்டார். வண்டியில் கை வைத்துவிட்டோமே என்று அப்போது அவருக்குத் தோன்றவுமில்லை.

"அதனால நான் ஒண்ணு பண்ணேன்" என்றாள் மகள், தரையைப் பார்த்தபடி. "தெருமுனை பெட்ரோல் பங்க்ல காத்து அடிக்கிற அண்ணன்கிட்ட நட்டு கழட்டற மெஷின் இருக்கு. தினமும் அங்க நிறுத்தி எல்லா நட்டையும் லூஸ் பண்ணிடுவேன். அப்புறம் என்கிட்ட ஒரு ஸ்பானர் இருக்கு, சரியான அளவு வந்ததும் க்ளிக்னு சத்தம் போடும். அதை வெச்சு நானே திரும்ப முடுக்கிட்டுப் போவேன். இன்னைக்குச் சீக்கிரம் கிளம்பிட்டேன், அவர் வரல. அப்படியே எடுத்துட்டுப் போயிட்டேன்."

"தினமுமா?"

"தினமும். மழையில நனைஞ்சுக்கிட்டுக்கூட."

டைட்டு அண்ணன் கையிலிருந்த போல்ட்டைப் பார்த்தார். விடியற்காலையில் அவர் இறுக்கியிருக்கிறார். சூரியன் ஏறுவதற்குள் அவள் தளர்த்தியிருக்கிறாள். மறுநாள் மறுபடி. கம்பியை முன்னும் பின்னுமாக மடித்தால் எந்தக் கம்பி தாங்கும்? ஒருத்தர் மனசு நோகக்கூடாது என்று ஒருத்தர் பார்த்துப் பார்த்துச் செய்ததில் இடையில் கிடந்து இளைத்தது இந்த இரும்புதான். நான் முடுக்கியது மட்டுமாக இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் தாங்கியிருக்கும் என்று அவருக்குத் தெரிந்தது. அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தார். மறைத்ததெல்லாம் போதும் என்று சொல்லியும்விட்டார்.

மகளின் முகம் வெளுத்தது. "அப்போ இதை ஒடிச்சதுல நானும்தான் பாதியா?"

"பாதின்னு சொல்ல மாட்டேன். கால்வாசி."

அவள் சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவருக்கும் சிரிப்பு வந்தது. டீயைக் கொண்டுவந்த கடைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "போல்ட்டு ஒடிஞ்சா சிரிக்கிற குடும்பத்தை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்" என்றார்.

"தம்பி, நீங்க தேடின மடையன் நான்தான்" என்றார் டைட்டு அண்ணன், டீயை வாங்கிக்கொண்டே. கடைக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

காரை வொர்க்‌ஷாப்புக்கு இழுத்துப் போனார்கள். அங்கே கழற்றிப் பார்த்ததில் மற்ற சக்கரங்களிலும் விரிசல் விட்டவை இருந்தன. மெக்கானிக் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து உச்சுக்கொட்டினார். பழையதில் ஒன்றைக்கூட விட்டுவைக்காமல் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னார் அண்ணன். புதியவற்றை மகள்தான் முடுக்கினாள், க்ளிக் க்ளிக் என்று. அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார். க்ளிக்கோடு நிறுத்தும்போதெல்லாம் அவர் கால் பெருவிரல் செருப்புக்குள் ஒருமுறை அழுந்தியது. அது அவர் கட்டுப்பாட்டில் இல்லை.

வீட்டுக்கு வந்து இருவருமாக அம்மாவிடம் சொன்னார்கள். அவள் கேட்டுவிட்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"எனக்கு ரெண்டு கதையும் தெரியும். என் துணிப் பையில துணி குறையறது எனக்குத் தெரியாதா? பங்க்ல இவ நிக்கறதை அக்கம்பக்கம் வந்து சொல்லாதா?"

"தெரிஞ்சா சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?" என்றார் அவர்.

"யார்கிட்ட சொல்ல? உங்ககிட்ட சொன்னா நீங்க சாப்பாட்டை விடுவீங்க. அவகிட்ட சொன்னா அவ வீட்டை விடுவா. போல்ட்டு ஒடியும்னு நான் கண்டேனா?" குரல் உயர்ந்து, பிறகு இறங்கியது. "கண்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அன்று சாயங்காலம் மகள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். டைட்டு அண்ணன் வந்து பக்கத்தில் நின்றார்.

"இனிமே உன் வண்டிகிட்டயே வரமாட்டேன் பாப்பா. பைப்பைப் பழைய இரும்புக்குப் போட்டுடறேன்."

"போடுங்க." கொஞ்சம் பொறுத்து, "ஆனா கேளுங்க" என்றாள்.

"என்ன கேட்கணும்?"

"காலையில நான் கிளம்பும்போது, நட்டைப் பார்க்கட்டுமான்னு கேளுங்க."

"கேட்டா?"

"வேண்டாம்னு சொல்லுவேன்."

"வேண்டாம்னு சொல்றதுக்கா நான் கேட்கணும்?"

"ஆமாம்ப்பா. கேளுங்க."

அவருக்கு இது புரிந்ததாகச் சொல்ல முடியாது. இருந்தாலும் மறுநாள் காலையில் அவள் சாவியை எடுத்ததும் கேட்டார். "நட்டைப் பார்க்கட்டுமா?" "வேண்டாம்பா" என்றாள். போனாள். அன்று அவர் பேப்பரில் பாதிதான் படித்தார். அடுத்தடுத்த நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக மிச்சப் பக்கங்களும் ஓடின. சில நாள் அவர் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு கேட்பார், சில நாள் கெஞ்சுகிற மாதிரி. பதில் மட்டும் மாறவில்லை. "இந்த ரெண்டு பேருக்கும் வேற வேலை இல்ல" என்று மனைவி மெஷினை மிதிப்பாள்.

பனி அதிகமாக இருந்த ஒரு காலையில் டைட்டு அண்ணனுக்குக் காய்ச்சல். இரவெல்லாம் அனத்திவிட்டு, விடியும்போதுதான் கண் அசந்திருந்தார். மகள் சாவி எடுத்ததும் தெரியாது, கதவு திறந்ததும் தெரியாது. வாசலில் கார் உறுமும் சத்தத்தில்தான் விழிப்பு வந்தது. எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. கார் உறுமிக்கொண்டே இருந்தது. தெருவில் இறங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. மகள் சாவியோடு உள்ளே வந்து கட்டிலருகே நின்றாள்.

"இன்னைக்கு ஒண்ணும் கேட்கலையே?"

அவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். "நட்டைப் பார்க்கட்டுமா?"

"வேண்டாம்" என்றாள் மகள். விலகியிருந்த போர்வையை அவர் காலுக்கு இழுத்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போனாள்.